குச்சி என்றால் குச்சி இல்லை!

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு சின்னத் துணிப்பை வந்து சேர்ந்தது. என் கணவரோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு ஜம்மு–காஷ்மீரில் டோடா பக்கம் சொந்த ஊர். லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியவர், தன் மனைவி எங்களுக்காகக் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி அந்தப் பையை இவர் கையில் திணித்துவிட்டு, மறுநாளே வேலை விஷயமாக வெளியூர் கிளம்பிவிட்டார்.

பையைப் பிரித்தால், நூலில் கோத்த மாலை ஒன்று! கறுப்பும் பழுப்புமாக, காய்ந்து சுருங்கி, மேலெல்லாம் குழிகுழியாகத் தேன்கூடு மாதிரி ஏதோ ஒன்று. புகைவாசனை வேறு. கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் உருதுவில் ஒரே ஒரு சொல்.

"என்னங்க இது?" என்று கேட்டேன்.

"ஏதோ காளானாம். இங்கிலீஷிலே மொரெல்னு சொன்னார். ரொம்ப உசத்தியாம், பார்த்துச் செய்யச் சொன்னார்" என்றார் இவர். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. சமையல் விஷயத்தில் ஆண்கள் கொண்டுவரும் செய்தி எப்போதும் இப்படிப் பாதிதானே!

மொரெல் என்ற அந்த ஒரு ஆங்கிலப் பெயருக்கு உருதுவில் என்ன பொருள் என்று தேடப் போய், நாங்கள் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அகராதி செய்த குழப்பம்

காகிதத்தில் இருக்கும் உருது எழுத்து எங்களுக்குப் படிக்கத் தெரியாது. என் மகள் ஒரு யுக்தி செய்தாள். கைப்பேசியில் ஆங்கில–உருது அகராதியைத் திறந்து, மொரெல் என்று போட்டால் உருதுச் சொல் வரும். அதையும் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் அகராதி ஒன்றுக்கு இரண்டாகச் சொற்களைக் காட்டியது. மேலும் கொஞ்சம் துருவியவள், "அம்மா! இது விஷச்செடின்னு போட்டிருக்கும்மா!" என்று கத்தினாள். எனக்குக் கை உதறிவிட்டது. மாலையை அப்படியே மேஜைமேல் போட்டேன்.

மாடி வீட்டில் இருக்கும் ஆபாவுக்கு ஆம்பூர். வீட்டில் பேசுவது உருது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காகிதத்தோடு மாடியேறினேன்.

"ஆபா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், "குச்சி" என்றார்.

"குச்சியா? எந்தக் குச்சி? இது காளானாச்சே!"

ஆபா சிரித்துவிட்டார். "உங்க குச்சி இல்லேம்மா. எங்க குச்சி. 'குரு'ன்னு சொல்றப்போ வர்ற 'கு'வை வெச்சுச் சொல்லு" என்றார். நான் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். எழுதினால் நம் குச்சிதான், சொன்னால் வேறு!

"சரி ஆபா, எப்படிச் சமைக்கணும்?" என்றால், அவர் கையை விரித்தார். "எனக்கெப்படிம்மா தெரியும்? ஆம்பூர்ல இது ஏது? பேரைக் கேட்டிருக்கேன், கண்ணால பார்த்ததில்லே. பனி விழற ஊர்ச் சாமானில்லே இது!"

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். மொழி ஒன்றாக இருந்தாலும், பொருள் விளையும் இடத்தில்தானே சொல்லுக்கு உயிர் இருக்கும்? கடலோரத்துப் பெண்மணி சொல்லும் மீன் பெயரில் பாதி, கோயம்புத்தூர்க்காரிக்குப் புரியாதே! அதுபோலத்தான்.

ஒரு பெயர், இரண்டு பொருள்

மகள் பார்த்த விஷச்செடி விவகாரத்தையும் ஆபாவே தீர்த்துவைத்தார். அகராதி காட்டிய இரண்டாவது சொல் 'மக்கோ'. "இது காளானே இல்லேம்மா. எங்க யுனானி ஹக்கீம் கொடுக்கிற மருந்துச் சாமான். உங்க மணத்தக்காளிதான் இது!" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாய்ப்புண்ணுக்கு நாம் கீரையாகச் சமைத்துப்போடும் மணத்தக்காளிக்கும், பனிமலைக் காளானுக்கும் என்ன உறவு?

உறவு ஒன்றும் கிடையாது. ஆங்கிலத்தில் பெயர் மட்டும் ஒன்றாகிவிட்டது. பிரெஞ்சு மொழியில் இந்தக் காளானுக்கு 'மொரீய்' என்று பெயர். மணத்தக்காளிக் குடும்பத்துச் செடிக்கு 'மொரெல்' என்று பெயர். அங்கே இரண்டும் வேறு வேறு சொற்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் 'மொரெல்' ஆகிவிட்டன. பழைய ஆங்கில மூலிகைப் புத்தகங்களில் சின்ன மொரெல் என்றால் மணத்தக்காளி. பெரிய மொரெல் என்றால் பெல்லடோனா என்னும் கடும் விஷச்செடி! இப்போது மொரெல் என்றால் எல்லோரும் காளானைத்தான் நினைக்கிறார்கள். ஆனாலும் அகராதியின் மூலையில் பழைய பொருள் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆக, ஒரே ஆங்கிலப் பெயருக்குள் விருந்துக் காளான் ஒன்று, வீட்டுக் கீரை ஒன்று, ஆளைக் கொல்லும் விஷம் ஒன்று என மூன்றும் அடங்கியிருக்கின்றன. 'அகராதியில் பார்த்துவிட்டேன்' என்று யாராவது தைரியமாகச் சொன்னால் இனிமேல் நான் ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

நாய்க்குடையும் பாம்புக்குடையும்

ஆபாவோடு பேசிக்கொண்டிருந்ததில் இன்னொரு சுவையான விஷயமும் தெரிந்தது. உருதுவில் பொதுவாகக் காளானுக்குக் 'கும்பி' என்று பெயர். கடையில் விற்கும் வெள்ளை மொட்டுக்காளானும் அதில் சேர்த்திதான். நம்மூரில் வளர்க்கும் சிப்பிக்காளானுக்கு வடக்கே 'டிங்ரி' என்பார்கள். மலைக்காட்டுத் தேன்கூட்டுக் காளானுக்கு மட்டும்தான் 'குச்சி'. கண்டபடி முளைக்கும், தின்னக்கூடாத காளானுக்கு 'ஸாம்ப் கி சத்ரி', அதாவது பாம்பின் குடை!

நாம் நாய்க்குடை என்கிறோம். வங்காளிகள் தவளைக்குடை என்கிறார்கள். ஆங்கிலத்தில் தேரையின் முக்காலி என்று பெயர். நாய், பாம்பு, தவளை, தேரை! எந்த ஊர்ப் பாட்டியும் தின்னக்கூடாத காளானுக்கு அழகான பெயர் வைக்கவில்லை, கவனித்தீர்களா? குழந்தைகள் கையை நீட்டக்கூடாதே என்கிற பயத்தில் வைத்த பெயர்களாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. 'மஷ்ரூம்' என்று நாம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிப் பேசும்போது, அந்த எச்சரிக்கை காணாமல் போய்விடுகிறது.

டோடாவிலிருந்து வந்த பாடம்

பெயர் தெரிந்துவிட்டது. சமையல்? என் மகள் வெளிநாட்டுப் படம் ஒன்றைக் காட்டி, "வெந்நீர்ல ஊறவெச்சு அப்படியே காய்கறியோட கலந்து சாலட் பண்ணிடலாம்மா" என்றாள். எனக்கென்னவோ மனசு கேட்கவில்லை. நண்பரிடமிருந்து நம்பர் வாங்கி, ஆபாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, டோடாவிலிருந்த அவர் மனைவியோடு பேசினேன். அவர்களை நான் பாபி என்றுதான் கூப்பிடுவேன்.

சாலட் என்று ஆபா சொன்னதும், அந்தப் பக்கமிருந்து "நஹீ! நஹீ!" என்று ஒரே கூச்சல். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது! "பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடவே கூடாது. நன்றாக வெந்தாகணும். எங்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூட இது தெரியும்" என்றாராம்.

பாபி சொன்னது எத்தனை சரி என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. 2023-ம் வருஷம் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் ஒரு உணவகத்தில், பச்சையாகவும் சரியாக வேகாமலும் பரிமாறப்பட்ட இதே வகைக் காளானைச் சாப்பிட்டதில் 51 பேருக்கு உடம்பு கெட்டு, 2 பேர் இறந்தே போனார்கள். அவை விஷக்காளான் இல்லை, அசல் மொரெல்தான். வேகவைத்தால் விருந்து, வேகாவிட்டால் வினை! என் மகளின் சாலட்டை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

குச்சி எப்படிக் கிடைக்கிறது என்றும் பாபி சொன்னார். பனி உருகும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில், தேவதாரு, பைன் மரக்காடுகளில் சருகுக்கு நடுவே இது தலைகாட்டும். இடி இடித்து மழை பெய்தால் நிறைய முளைக்கும் என்பது அங்கே பெரியவர்கள் நம்பிக்கை. விடிகாலையில் பெண்களும் பிள்ளைகளுமாகக் கூடையோடு கிளம்பிவிடுவார்களாம். சருகின் நிறமும் காளானின் நிறமும் ஒன்று. நின்றுகொண்டு தேடினால் கண்ணில் படாது. ஒன்று கிடைத்துவிட்டால் அங்கேயே உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கணும், பக்கத்திலேயே இன்னும் சில இருக்கும் என்பார்களாம். நாள் பூராவும் அலைந்து நாலைந்தோடு திரும்புகிற நாளும் உண்டு. கரடி நடமாடும் காடு வேறு!

பறித்ததை நூலில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். அந்தப் புகைவாசனைதான் எங்கள் வீட்டுப் பையிலும் வந்தது. பத்துக் கிலோ பச்சைக் காளான் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். அதனால்தான் விலையும் அப்படி. நல்ல குச்சி கிலோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்தான், அதைவிடப் பல மடங்கும் போகும். பாபி வீட்டில் இதை அதிகம் சாப்பிடுவதில்லையாம். விற்றால் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஆகுமே! கல்யாணம், பெரிய விருந்தாளி என்றால்தான் குச்சி புலாவ். அப்படிப்பட்டதை எங்களுக்கு ஒரு மாலையாகக் கோத்து அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

காஷ்மீரில் மட்டுமல்ல, இமாசலத்தில் குலு, சம்பா பக்கமும், உத்தராகண்டிலும், பாகிஸ்தானில் ஸ்வாத், சித்ரால் மலைகளிலும் இது விளைகிறது. அங்கெல்லாமும் பெயர் குச்சிதான். 2025 டிசம்பரில் ரஷ்ய அதிபருக்கு டில்லி ராஷ்டிரபதி பவனில் கொடுத்த விருந்தில் நம்மூர் முருங்கை இலைச் சாறும், வால்நட் சட்னியோடு குச்சியும் பரிமாறினார்கள். முருங்கையும் குச்சியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன என்பதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்!

உடம்புக்கு என்ன லாபம்?

100 கிராம் பச்சைக் குச்சியில் சுமார் 3 கிராம் புரதமும், 12 மில்லிகிராம் இரும்புச்சத்தும், கொஞ்சம் வைட்டமின் டி-யும் இருக்கின்றன. இரும்புச்சத்து குறைந்து சோர்ந்துபோகும் நம் பெண்களுக்கு நல்லதுதானே என்று நினைக்கலாம். ஆனால் அந்த விலைக்கு 100 கிராம் யார் வாங்கிச் சாப்பிடுவது? இரும்புக்கு நம் வீட்டு முருங்கைக்கீரையும் கேழ்வரகும் இருக்கவே இருக்கின்றன. குச்சி வாசனைக்கும் ருசிக்கும் மட்டும்தான்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

1. அசல் குச்சியை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால், தலையிலிருந்து காம்பு வரை உள்ளே ஒரே வெற்றிடமாக, குழாய் போல இருக்கும். மேலே குழிகள் இருக்கும். இதைப் போலவே தோன்றும் போலி மொரெல் ஒன்று உண்டு. அதன் தலை மூளை போல மடிப்பு மடிப்பாக இருக்கும். உள்ளே அறை அறையாகவோ பஞ்சடைத்தாற்போலவோ இருக்கும். அது ஈரலையே கெடுக்கக்கூடிய விஷம்.

2. வெட்டிப் பார்ப்பதை நம்பி, காட்டிலோ தோட்டத்திலோ முளைத்ததை நாமே பறித்துச் சமைக்கக் கூடாது. தெரிந்தவர்கள், நம்பகமான கடை இவற்றிலிருந்து மட்டும்தான் வாங்க வேண்டும்.

3. வெள்ளிக்கரண்டி கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான் என்றெல்லாம் சொல்வது சுத்தப் பொய். சில விஷக்காளான்களின் விஷம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளானைச் சமைத்துச் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத்தோட்டக் குடும்பங்கள்.

4. ஊர் மாறினால் உருவத்தை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரில் 2012 புத்தாண்டையொட்டி, நம் வைக்கோல் காளான் மாதிரியே இருக்கிறதென்று அங்கே முளைத்த காளானைச் சமைத்துச் சாப்பிட்ட இருவர் உயிரிழந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லிவையுங்கள்.

5. சில கொடிய விஷக்காளான்களின் வேலை உடனே தெரியாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து, சில சமயம் மறுநாள்கூட வாந்தியும் பேதியும் தொடங்கும். நடுவில் நின்றதுபோல் இருந்து, பிறகு ஈரலைத் தாக்கும். காளான் சாப்பிட்ட பிறகு இப்படி ஆனால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிச்சமிருந்தால் அந்தக் காளானையும் கையோடு எடுத்துப்போவது நல்லது.

பாபி சொன்ன குச்சி புலாவ் (நாலு பேருக்கு)

உலர்ந்த குச்சி 10, பாசுமதி அரிசி ஒன்றரை ஆழாக்கு, நெய் 3 மேஜைக்கரண்டி, ஷாஜீரகம் அரை டீஸ்பூன், பட்டை ஒரு துண்டு, கிராம்பு 3, ஏலக்காய் 3, பிரிஞ்சி இலை 1, சோம்புப்பொடி ஒரு டீஸ்பூன், சுக்குப்பொடி அரை டீஸ்பூன், உப்பு.

குச்சியை முதலில் தண்ணீரில் அலசிக் கொட்டிவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நறுக்கி, உள்ளே மண் இல்லாமல் கழுவுங்கள். குழிக்குள் மலைமண் ஒளிந்திருக்கும்! ஊறின நீரைத் துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதில்தான் வாசனையெல்லாம்.

நெய்யில் ஷாஜீரகம், பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரிஞ்சி இலை தாளித்து, குச்சியைப் போட்டு ஐந்து நிமிஷம் வதக்குங்கள். சோம்புப்பொடி, சுக்குப்பொடி, உப்பு சேர்த்து, வடிகட்டிய நீரை ஊற்றி, மூடிப்போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். இந்தக் கால் மணியை மட்டும் குறைக்கவே கூடாது. பிறகு ஊறவைத்த அரிசியைப் போட்டு, தேவையான வெந்நீர் விட்டு, மெல்லிய தீயில் வேகவிட்டு இறக்குங்கள். வெங்காயம், பூண்டு தேவையில்லை. முதல் முறை சாப்பிடுபவர்கள் கொஞ்சமாகவே சாப்பிட்டுப் பார்க்கட்டும். எந்தப் புதுச் சாமானுக்கும் இது நல்ல வழக்கம்.

அன்று புலாவ் செய்து, முதல் கிண்ணத்தை மாடிக்கு எடுத்துப்போனேன். ஆபா ஒரு வாய் எடுத்துப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "அறுபது வருஷமா பேச்சு மட்டும் தெரிஞ்ச சொல்லும்மா இது. இன்னிக்குத்தான் நாக்குக்குத் தெரிஞ்சுது" என்றார்.

அகராதி எனக்கு இரண்டு பொருள் சொன்னது. ஆபா அதில் சரியானதைக் காட்டினார். ஆனால் அதைத் தின்று பிழைத்திருக்கும் வழியைச் சொன்னது, காட்டில் குனிந்து பறித்த கைதான். புதிதாக ஒரு பண்டம் உங்கள் அடுப்படிக்கு வந்தால், பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அதைப் பறித்த ஊர்ப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்தத் துண்டுக் காகிதத்தை நான் தூக்கிப்போடவில்லை. மிச்சமிருக்கும் நாலு குச்சியோடு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது அந்த ஒரு சொல்லை மட்டும் எனக்கும் உருதுவில் படிக்கத் தெரியும்!